அம்மாவிடமிருந்து பறித்த பந்து

நம் வயதுப் பெண்கள் நாலைந்து பேர் கூடினால், சின்ன வயதில் என்ன விளையாடினோம் என்ற பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. பாண்டி, பல்லாங்குழி, ஐந்தாங்கல் என்று ஆளுக்கொன்றாகச் சொல்வோம். போன மாதம் அப்படியொரு பேச்சில் என் முறை வந்தபோது, "ஹாக்கி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அறுபதுகளின் கடைசியில், விருத்தாசலத்தில், பாவாடை கட்டிய பெண் ஹாக்கி ஆடினாளா என்று கேட்டார்கள். நான் மட்டுமல்ல, என் அம்மாவும் ஆடினார் என்றேன். சிரிப்பு இன்னும் கூடிற்று. மீதியை அங்கே சொல்லவில்லை. சிரிப்புக்கு நடுவில் வைக்கக்கூடிய மீதி அல்ல அது. அதனால் இங்கே எழுதுகிறேன். உங்களில் சிலருக்கேனும் பொறுமை இருக்கும்.

அப்பா வேலை செய்த பீங்கான் ஆலை ஊருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி இருந்தது. இன்று அது இல்லை. கோப்பைகள், ஊறுகாய் ஜாடிகள், மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் வெள்ளைக் குமிழ்கள் எல்லாம் அங்கே செய்தார்கள். அப்பா இருந்தது அரைவைக் கூடம். வெங்கச்சாங்கல் என்ற வெள்ளைக் கல்லை உடைத்து, இயந்திரத்தில் போட்டு மாவாக்குகிற இடம் அது. அந்த மாவை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் இருப்பதே தெரியாது, அவ்வளவு மென்மை. மாலையில் வீடு திரும்பும் அப்பாவுக்குப் புருவமும் மீசையும் நரைத்திருக்கும். தொட்டித் தண்ணீரில் முகம் கழுவியதும் மறுபடியும் முப்பத்தைந்து வயதாகிவிடுவார். நானும் தம்பியும் அதை ஒரு வித்தையாகப் பார்த்துக் கைதட்டுவோம். அம்மா மட்டும் கைதட்டியதில்லை. தொட்டியின் அடியில் படிந்ததைத் துணியால் வழித்தெடுத்து, வாசலைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார்.

கூடத்தில் வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். வெல்லம் தூசியை இழுத்துக்கொண்டு வயிற்றுக்குள் போய்விடும், நெஞ்சில் தங்க விடாது என்பது நம்பிக்கை. அப்பா பாதியைக் காகிதத்தில் மடித்து எங்களுக்குக் கொண்டுவருவார். நாங்கள் அதைத் தின்று வளர்ந்தோம்.

ஆலையின் மேற்பார்வையாளர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஹாக்கி அவர் அங்கே கற்றுக்கொண்டது. வெல்லத்தின் மேல் மற்றவர்களுக்கு இருந்த நம்பிக்கை அவருக்கு வேர்வையின் மேல் இருந்தது. வாரம் ஒரு நாள் நன்றாக ஓடி வேர்த்தால் உள்ளே போன தூசியெல்லாம் வெளியே வந்துவிடும் என்று அவர் உளமார நம்பினார். அவரைக் கெட்டவர் என்று என்னால் எழுத முடியவில்லை. ரயில்வே குடியிருப்பில் கழித்துப்போட்ட மட்டைகளைத் தாமே போய் வாங்கி வந்தார். ஆலைக்குப் பின்னால், களிமண் கரைசலைத் தெளியவிடும் குட்டைகளுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருந்த பொட்டலைச் சமன்செய்து மைதானம் ஆக்கினார். ஒரு தகரக் கொட்டகை போட்டு அதற்கு மன்றம் என்று பெயரும் வைத்தார்.

ஆண்கள் மட்டும் ஆடினால் ஆட்டம் முடிந்ததும் கள்ளச்சாராயம் தேடிப் போகிறார்கள் என்பதைக் கண்டு, குடும்பத்தோடு வர வேண்டும் என்று விதி செய்தவரும் அவரே. அப்பாவும் ஒரு பிள்ளையும் ஒரு ஜோடி. அம்மாவும் ஒரு பிள்ளையும் இன்னொரு ஜோடி. புருஷனும் பெண்சாதியும் எதிரெதிர் அணியில் நிற்க வேண்டும். "ஒரே பக்கம் நின்னா சண்ட வராது, சண்ட வரலன்னா ஆட்டம் வராது" என்பார். பிள்ளை தள்ளிய பந்தைப் பெற்றவர் அடித்தாலோ, பெற்றவர் தள்ளியதைப் பிள்ளை அடித்தாலோதான் கோல் கணக்கு. ஜோடியில் ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கும் இடமில்லை. ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவரே நடுவராக நிற்பார். மாலையில் எங்களைத் தாண்டிப் போகும் சேலம் வண்டிதான் கடிகாரம். அது கடந்தால் ஆட்டம் முடிந்தது.

நான் அப்பாவின் ஜோடி. தம்பி அம்மாவின் ஜோடி.

அம்மா முதல் நாள் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு மட்டையைத் துடைப்பம் பிடிப்பதுபோலப் பிடித்து நின்றது நினைவிருக்கிறது. "பெருக்க வந்தியா, ஆட வந்தியா?" என்று அப்பா கேட்டார். "ஒங்களப் பெருக்கித் தள்ளத்தான் வந்தேன்" என்றார் அம்மா. ஒரு மாதத்துக்குள் அந்த மைதானத்தில் அம்மாவிடமிருந்து பந்தை எடுக்க எவராலும் முடியாமல் போயிற்று. ஓட்டத்தில் வேகம் இல்லை. ஆனால் பந்து மட்டையோடு ஒட்டியதுபோல வரும். அப்பாவின் திறமை வேறு. எல்லாம் மணிக்கட்டில் இருந்தது. நின்ற இடத்திலிருந்தே ஒரு சுண்டு. பந்து எங்கே போயிற்று என்று பார்ப்பதற்குள் கோலுக்குள் கிடக்கும்.

ஒருமுறை, ஈரக் களிமண்ணை அச்சில் வார்க்கும் அச்சுக்கூடத்தில் இருந்தவர்கள் பீங்கானிலேயே ஒரு பந்து வார்த்து, சூளையில் சுட்டுக் கொண்டுவந்தார்கள். பளபளவென்று கோழிமுட்டை போல இருந்தது. மேற்பார்வையாளர் அதை வைத்து முதல் அடி அடித்தார். மூன்று துண்டாகத் தெறித்தது. "சார், கோலு மூணு!" என்று யாரோ கத்த, மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அப்பா எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் வெகுநேரம் அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அது சிரிப்பு அல்ல, இருமல் என்பது இன்று புரிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மைதானத்துக் கோடுகள். சுண்ணாம்பில் போட்டால் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்குக் கால் வெந்துபோகும் என்று மேற்பார்வையாளர் தடுத்துவிட்டார். அதனால் அரைவைக் கூடத்து மாவைக் கொண்டுவந்து கோடு போட்டார்கள். சனிக்கிழமை மாலைகளில் தகர டப்பாக்களில் அதை அள்ளிக்கொண்டு பிள்ளைகள் நாங்கள் பின்னால் ஓடுவோம். ஞாயிறு மாலை ஆட்டம் முடியும்போது கோடு ஒன்றும் இருக்காது. அத்தனை கால்கள் மிதித்து, காற்றில் எழுந்து, அது எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்டதில்லை. நாங்கள் மூச்சு வாங்க வாங்க அதற்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தோம்.

அரைவைக் கூடத்தில் அப்பாவோடு நின்றவர் எதிர்வீட்டு மாமா. அவர் மகளும் நானும் ஒரே வகுப்பு. அந்தக் கார்த்திகையில் ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவில் அவர் கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். விழவில்லை, களைத்தவர் படியில் உட்காருவதைப்போல மெல்ல உட்கார்ந்தார். மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திருப்பா. வண்டி இன்னும் வரல."

"வரும், வரும். நீ ஆடு" என்றார். அதைச் சொல்வதற்கு அவர் இரண்டு முறை மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவர் வரவில்லை. ஜோடி இல்லாததால் அவளும் வரவில்லை. மார்கழி முடிவதற்குள் மாமா இறந்துபோனார். டி.பி. என்றார்கள். அவர் வீட்டுத் தம்ளர்களைத் தெருவில் எவரும் தொடவில்லை. நான் இப்போது எழுதப்போவதை மறைக்கலாம். மறைத்தால் மீதி பொய்யாகிவிடும். அந்தச் சாவில் என்னை நடுங்கவைத்தது மாமா இல்லாமல் போனது அல்ல. அவளுக்கு ஆட்டம் இல்லாமல் போனதுதான். அப்பா நின்றால் நானும் நின்றுவிடுவேன் என்ற எண்ணம் பத்து வயது நெஞ்சில் ஆணியாக இறங்கிற்று.

அம்மாவுக்குள் வேறொன்று இறங்கியிருந்தது. துக்க வீட்டுக்குப் போய் வந்த மறுநாள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் அப்பா ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அவர் முதுகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன். என்னைப் பார்த்ததும் பேசாதே என்று சைகை செய்து, அருகில் அழைத்தார். நானும் காதை வைத்தேன். களிமண் கூழைச் சல்லடையில் ஊற்றும்போது, கடைசியில் கூழ் தீர்ந்து காற்று மட்டும் இழுபடும் ஓசை ஒன்று உண்டு. அது அப்பாவுக்குள் கேட்டது.

"மாமாவுக்கும் இப்புடித்தான் கேட்டுச்சாம். அத்த சொன்னாங்க" என்றார் அம்மா.

அப்பா எழுந்ததும் அம்மா தொடங்கினார்.

"ஏங்க, அச்சுக்கூடத்துக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்களேன்."

"அச்சுக்கூடமா? கோப்பைக்குக் காது ஒட்டற வேல. அத நீ வேணா வந்து செய்யி."

"செய்றேன். நீங்க வூட்டுல இருந்து சோறாக்குங்க."

"ஒன் கொழம்பவிட நல்லாதான் வெப்பேன்."

"வெளையாடாதீங்க. அந்த மனுசன் போயி இன்னும் பதினாறுகூட ஆவல."

அப்பா முகம் மாறிற்று. "அவனுக்கு வந்தது டி.பி. எனக்கு என்னா வந்துது? கூடத்துல கல்லத் தூக்கிப் போடறவன் கையில கோப்பையக் குடுத்தா ஊரு சிரிக்கும்" என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அரைவைக் கூடத்து ஆண்களுக்கு அப்படியொரு பெருமை இருந்தது. அங்கிருந்து ஈரமண் வேலைக்குப் போனவரைக் 'கோப்பை கழுவி' என்று கூப்பிடுவார்கள்.

பொங்கல் கழிந்ததும் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனார். அச்சுக்கூடத்தில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. மன்றத்துக் கொட்டகையில் அவர் உடைந்த மட்டைக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த எடத்த அவுருக்குக் குடுங்க. மூச்சு வாங்குது."

"அவரு வந்து கேக்கட்டுமேம்மா."

"அவுரு கேக்க மாட்டாரு சார். அதான் நான் வந்தேன்."

"பொண்டாட்டிங்க சொல்றத வச்சு மாத்துனா கூடத்துல ஒருத்தன் நிக்க மாட்டான். வாயி சொல்றத நான் நம்பறதில்ல. காலு சொல்லட்டும்." அவர் கனிவாகத்தான் சொன்னார். "தை கடைசி ஞாயித்துக்கெழம ஆட்டத்துல கூடத்து ஆளுங்க எல்லாரையும் பாப்பேன். யாரால ஓட முடியலியோ அவருக்கு அந்த எடம். போதுமா?"

அம்மா கும்பிட்டுவிட்டு வந்தார். தெளிகுட்டைகளின் ஓரமாக நடந்தோம். அந்தத் தண்ணீர் பால்போல வெளுத்து, காற்று அடித்தாலும் அசையாமல் கிடக்கும். மாடுகள் அதில் வாய் வைக்காது.

அம்மாவுக்குத் தெரியாது என்று நான் நம்பிய ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. கார்த்திகையிலிருந்தே அப்பா ஓடுவதை நிறுத்தியிருந்தார். எதிரணியின் கோலுக்கு முன்னால் ஓரிடத்தில் போய் நின்றுகொள்வார். ஓட வேண்டியதையெல்லாம் நான் ஓடினேன். பந்தை எங்கிருந்தாவது எடுத்து அவர் மட்டைக்கு நேராகத் தள்ளுவேன். அவர் மணிக்கட்டைச் சுண்டுவார். பார்க்கிறவர்களுக்கு அப்பா முன்பைவிட நன்றாக ஆடுவதாகத் தோன்றும். நாங்கள் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை. ஒரு நாள் மட்டும், சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வரும்போது, "பாப்பா, பந்து கெடச்சா என்னைத் தேடாத. நான் எங்க இருப்பேன்னு ஒனக்குத் தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். அந்த வயதில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பட்டம் அது.

தை கடைசி ஞாயிறு. காலையில் அம்மா எனக்கு எண்ணெய் வைத்துச் சடை பின்னினார். வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினார்.

"இன்னிக்கி அப்பாவுக்குப் பந்து தள்ளாத."

"ஏம்மா?" என்று கேட்டேன். அம்மா எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அவுரே ஓடி எடுக்கட்டும். முடியாம நிக்கட்டும். சாரு பாக்கட்டும்."

"எல்லாரும் அப்பாவப் பாத்துச் சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். சிரிச்சு யாரும் சாவல."

"அப்பறம் என்னைய ஆட வுட மாட்டாங்களே?"

சடையைப் பின்னிய கை நின்றது. அம்மா என்னைத் திருப்பி உட்காரவைத்து முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். எதிர்வீட்டு மாமாவின் பெயரைச் சொல்லியிருந்தால் போதும், எனக்குப் புரிந்திருக்கும். சாவு என்ற சொல்லைச் சின்னப் பெண்ணிடம் அப்பாவோடு சேர்த்துச் சொல்லக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. "சொன்னதச் செய்யி" என்று மட்டும் சொன்னார். செய்கிறேன் என்றேன். செய்யத்தான் நினைத்தேன்.

மாலை மூன்று மணி வெயிலில் புதிதாகப் போட்ட கோடுகள் கண்ணைக் கூசவைத்தன. மேற்பார்வையாளர் அன்று மைதானத்தின் குறுக்கே வராமல் ஓரமாகவே நின்றார். அரைவைக் கூடத்து ஆட்கள் ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் தொடங்கியதும் நான் அம்மா சொன்னபடி இடது ஓரத்திலேயே நின்றேன். பந்து இரண்டு முறை என்னைத் தாண்டிப் போயிற்று, போகவிட்டேன். அப்பா தன் இடத்தில் நின்று என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. வழி தெரியாதவர் பார்ப்பதைப்போலப் பார்த்தார். பிறகு, பந்து வராததால், அவரே அதைத் தேடி ஓடத் தொடங்கினார்.

வழக்கமான நேரம் கடந்தது. சேலம் வண்டி வரவில்லை. வெயில் சாய்ந்து, குட்டைகளின் வெள்ளை மஞ்சளாயிற்று. வண்டி வரவில்லை. பிள்ளைகள் சிலர் நாக்கு வறண்டு கொட்டகைப் பானையிடம் போய் வந்தார்கள். விதி விதிதான், வண்டி வராமல் ஆட்டம் முடியாது. காற்றில் கோடுகள் கலைந்து, தூசி முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக நின்றது.

அப்போது பந்து அம்மாவிடம் போயிற்று. அம்மா கோலை நோக்கிப் போகவில்லை. நேராக அப்பாவிடம் போனார். அவருக்கு எட்டும் தூரத்தில் பந்தைக் காட்டி, எட்டாமல் இழுத்துக்கொண்டு வளைந்தார். அப்பா துரத்தினார். அம்மா மறுபடி வளைந்து வந்தார்.

"என்னாம்மா, கோலு அந்தப் பக்கம்!" என்று ஒருவர் கத்தினார்.

"வூட்டுச் சண்டய வூட்டுல வச்சுக்கக் கூடாதா?" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. முந்தானை அவிழ்ந்து புழுதியில் இழுபட்டதையும் கவனிக்கவில்லை. மூன்றாவது முறை வளைந்தபோது அப்பா நின்றுவிட்டார். மட்டையை ஊன்றி, மறு கையை முழங்காலில் வைத்துக் குனிந்தார். முதுகு ஏறி ஏறி இறங்கிற்று. மேற்பார்வையாளர் ஊதலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரையே உற்றுப் பார்த்தார். இன்னும் பத்து எண்ணும் நேரம் அப்படியே விட்டிருந்தால் போதும். அம்மா கேட்டது அவ்வளவுதான்.

நான் ஓடினேன். ஏன் ஓடினேன் என்பதற்கு இத்தனை ஆண்டுகளில் பல காரணங்கள் எழுதிப் பார்த்துவிட்டேன். எதுவும் பொருந்தவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அப்பா குனிந்து நின்றார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவின் மட்டைக்கு எதிராக என் மட்டையை வைத்தேன். அம்மா மிக மெல்லிய குரலில், "வுடுடி" என்றார். நான் விடவில்லை. ஒரு கணம் இரண்டு மட்டைகளுக்கும் நடுவில் பந்து அசையாமல் இருந்தது. அடுத்த கணம் அது என்னிடம் இருந்தது. எவராலும் எடுக்க முடியாத பந்தை நான் எடுத்துவிட்டேன். ஓரமாகவே அதைக் கொண்டுபோனேன். அதற்குள் அப்பா நிமிர்ந்து நாலு எட்டு நடந்து தன் இடத்துக்குப் போயிருந்தார். தேடாமல் தள்ளினேன். மணிக்கட்டு சுண்டிற்று. கோல்.

அந்தக் கூச்சலில் சேலம் வண்டி வந்ததே எங்களுக்குக் கேட்கவில்லை.

மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே வந்து அப்பாவின் முதுகில் தட்டினார். தட்டிய இடத்திலிருந்து வெள்ளைத் தூள் பறந்தது. "ஆளு கெட்டிய்யா. கூடத்துல இன்னும் பத்து வருசம் நிப்பான்" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "பாத்தியாம்மா? காலு பொய் சொல்லாது" என்றார். அம்மா அவிழ்ந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அச்சுக்கூடத்து இடம், கோலைக் காத்துக்கொண்டிருந்த இன்னோர் அரைவைக் கூடத்து ஆளுக்குப் போயிற்று. பாதி ஆட்டத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொட்டகையில் போய் உட்கார்ந்தவர் அவர். வருஷக்கணக்கில் அவரைக் கோப்பை கழுவி என்றார்கள். என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் மூன்று முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். அண்மையில்தான் இறந்தார், எண்பதைத் தாண்டி.

அன்று வீட்டுக்கு நடந்தபோது அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு வந்தார். சங்கிலி கழன்றுவிட்டது என்று மூன்று இடங்களில் நின்றார். சங்கிலி கழலவே இல்லை. மூன்றாவது இடத்தில் குனிந்தபடியே, "நல்லா தள்ளுன பாப்பா" என்றார்.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன ஆண்டில் அப்பாவால் கூடத்துக்கு நடக்க முடியாமல் போயிற்று. டி.பி. மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. கடைசியில் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஓர் இளம் டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அதுவரை எந்த வைத்தியரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: "இவரு என்ன வேலை பாக்கறாரு?" அம்மா சொன்னார். கல்தூள் நெஞ்சில் படிந்து இறுகிவிட்டது, இதை எடுக்க வழி இல்லை என்றார் டாக்டர்.

"அஞ்சு வருசம் முன்னாடியே வேற எடத்துக்கு மாத்தியிருந்தா?" என்று அம்மா கேட்டார்.

"மாத்தியிருந்தா இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது."

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்து, ஒரு வார்த்தை ஏசியிருந்தாலும் நான் பிழைத்திருப்பேன். அந்த ஆண்டின் பங்குனியில் அப்பா போனார். அவருக்கு நாற்பத்தொரு வயது.

அதன் பின் அம்மாவும் நானும் ஐம்பது ஆண்டுகள் ஒன்றாகவே இருந்தோம். நான் படித்தது, வேலைக்குப் போனது, மணமாகி அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தது எல்லாம் நடந்தன. அந்த ஆட்டத்தைப் பற்றி இருவரும் பேசியதில்லை. அம்மா என்னிடம் காட்டிய ஒவ்வொரு அன்பையும் மன்னிப்பென்றே எடுத்துக்கொண்டேன். கேட்காமல் கொடுக்கப்பட்ட மன்னிப்பு ஆறுதல் தருவதில்லை.

அம்மாவின் கடைசி ஆண்டுகளில் ஒரு பிற்பகல், தொலைக்காட்சியில் பெண்கள் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ பெரிய போட்டி. அம்மா கண்ணாடி இல்லாமலே கண்களை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொண்ணு பந்த வுட்டுடும் பாரேன்" என்றார். அந்தப் பெண் விட்டுவிட்டாள்.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்தது என்று தெரியவில்லை. "அம்மா, அன்னிக்கி நான் பந்த எடுக்காம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரில்ல?" என்று கேட்டேன்.

என்றைக்கு என்று அம்மா கேட்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பத்து வயசுப் புள்ள எங்கிட்ட இருந்து பந்த எடுத்துட முடியுமா? நான்தான்டி வுட்டேன்."

"ஏம்மா?"

"நீ ஓடியாரப்ப அவுரு தலையத் தூக்கி ஒன்னப் பாத்தாரு. அதுவரைக்கும் அவுரு மூஞ்சியப் பாக்க முடியல, அப்புடி இருந்துது. ஒன்னப் பாத்ததும் சிரிச்சாரு. அந்தச் சிரிப்ப நிறுத்த எனக்குக் கை வரல." அம்மா சேலை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அது என் தப்பு. தெனமும் அத நெனச்சுக்கறேன்."

பிறகு அம்மா என் பக்கம் திரும்பினார். புதுச்சேரியில் திரும்பாத முகம்.

"நீ இத்தினி நாளா ஒன்னாலன்னா நெனச்சுட்டு இருந்த?"

"ஆமாம்மா."

அம்மா என் கையைத் தேடிப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கேட்டிருக்கக் கூடாதா, புள்ள" என்றார்.